கரடி முதுகில் மெல்லிய கோடு

துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த வெளிச்சத்தில் சுடப் போகிறீர்கள்? விலையெல்லாம் அப்புறம். உள்ளே தெரியும் குறிக்கோடுதான் உயிர். வெட்டவெளியில் தூரத்து மான் என்றால் மயிரிழை போன்ற மெல்லிய சிலுவைக்கோடு. எங்கள் ஹார்யேதாலன் காட்டைப் போல ஊசியிலை மரங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் இடமென்றால் தடித்த கோடு, நடுவில் சிவப்பாக எரியும் சின்னப் புள்ளி. இதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம், நிதானமாகவே சொல்கிறேன். இடையில் சிரிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளாக இப்படித்தான், ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

சிக்ஸ்டன் எங்கள் வேட்டைக் குழுவின் சிரிப்புக்காரன். நெருப்பில் காபி கொதிக்கும்போது அவன் வாயைத் திறந்தால் போதும், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பாதிக் கதை என்னைப் பற்றியது. "எவெர்ட் சுட வந்திருக்கான்னு தெரிஞ்சா கடமான் ஓடாது. உக்காந்து வேடிக்கை பாக்கும்" என்பான். நானும் சிரிப்பேன். அவன் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் கதை சொல்ல வரும். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறேன். ஆனால் நெருப்பருகே நான் ஆரம்பித்தால் பாதியில் அவன் பிடுங்கிக்கொள்வான். முடிவு அவனுடையதாகிவிடும், சிரிப்பும் அவனுக்குப் போய்விடும். காரணம் அவ்வளவுதான். பெரிதாக எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் வருந்துகிறேன்.

இந்த ஜூலையில் ஒரு நாள் என் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"டேய், யார்கிட்டயும் சொல்லாத. கண்ணு மங்குது. பழைய ஸ்கோப்புல கோடு எங்கன்னு தேட வேண்டியிருக்கு. இதுல நீதான் புலி. கடைக்குக் கூட வா."

அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் கேலியில்லாமல் பேசியது அன்றுதான். உண்மையிலேயே மனம் நெகிழ்ந்துபோனது. போகும் வழியெல்லாம் வண்டியில் இரண்டு பேரும் பாடிக்கொண்டே போனோம்.

கடைக்காரி மாய்கென் சிவப்புப் புள்ளி வைத்த ஸ்கோப்பை எடுத்து நீட்டினாள். "கரடிக்குன்னா இதை எடுத்துக்குங்க. அறுபதைத் தாண்டின கண்ணுக்கு இதான் சரி."

"யாருக்கு அறுபது? என் முட்டிக்குத்தான் அறுபது. எனக்குப் பதினேழு" என்றான் சிக்ஸ்டன். கடையே சிரித்தது.

நான் மெல்லிய கோட்டு ஸ்கோப்பை அவன் கையில் கொடுத்து, ஜன்னல் வழியே தேவாலயத்தைப் பார்க்கச் சொன்னேன். நல்ல வெயில். வெள்ளைச் சுவரின் மேல் அந்தக் கோடு பேனாவால் இழுத்தது போல நின்றது.

"அடேயப்பா, கோபுரத்து உச்சியில இருக்கிற தகரச் சேவலோட கொண்டைகூடத் தெரியுதே."

"பாத்தியா? அந்தப் புள்ளி பேட்டரியில எரியுது. மழைல நனைஞ்சு செத்துப்போச்சுன்னா கரடிகிட்ட டார்ச் கேப்பியா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் பேச்சுக்கு, மேடம். என் பேச்சுக்கு அவன் சிரித்தான்.

மாய்கென் மட்டும் என்னையே பார்த்தாள். "எவெர்ட், உங்களுக்குத் தெரியாததா? கறுப்பு முடி மேல கறுப்புக் கோடு..."

"அவனுக்குப் பிடிச்சிருக்கு, விடுங்க" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நான் எஸ்டர்சுண்ட் வரை போய், வேறொரு கடையில் எனக்குச் சிவப்புப் புள்ளி வாங்கினேன். அந்த வாரம் முழுக்கத் திருவிழாதான். தோட்டத்தில் உட்கார்ந்து துணிக்கொடிக் கிளிப், காக்கை, பக்கத்து வீட்டு அஞ்சல் பெட்டி என்று ஒவ்வொன்றின் மேலும் அதை வைத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் காட்டில் பழுக்கும் சிவப்பு லிங்கன் பழம் மாதிரி அந்தப் புள்ளி குட்டியாக, குண்டாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் கரடி வேட்டை. மழை. மரங்களின் அடர்த்திக்குள் நாய் ஒரு கரடியை மடக்கிக் குரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தது நாங்கள் இருவர்தான். பட்டப்பகல், ஆனால் உள்ளே அடுப்புக்குள் போல இருட்டு. சிக்ஸ்டன் துப்பாக்கியை உயர்த்தினான், இறக்கினான், மறுபடி உயர்த்தினான்.

"கோடு காணோம்டா எவெர்ட். எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு. நீ சுடு."

"உன் கரடிடா இது. தோளுக்குப் பின்னாடி பாத்து அடி."

அடித்தான். குண்டு வயிற்றில் பட்டது. கரடி நாயை விட்டுவிட்டு அவனைப் பார்த்து வந்தது.

என் புள்ளி அதன் நெஞ்சின் மேல் இருந்தது. அது ஓட ஓட, புள்ளியும் கூடவே ஏறி இறங்கியது. அவ்வளவு துல்லியமான காட்சியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. "எவெர்ட்" என்று கூப்பிட்டான். என் விரல் விசையில்தான் இருந்தது. அவன் மேல் அது விழுந்தபோதும் புள்ளி இடம் மாறவில்லை. அவன் இன்னும் சில தடவை கூப்பிட்டான். கூப்பிடுவது நின்றதும் சுட்டேன். ஒரே குண்டு.

குழுத்தலைவி டோர்டிஸ் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இல்லேன்னா நாயும் போயிருக்கும்" என்றாள்.

மாய்கென் உங்களிடம் வந்து என்னவோ சொன்னாளாம். அவசியமே இல்லை. நீங்கள் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். பாதியில் பிடுங்க ஆளில்லாமல் ஒரு கதையை முழுதாகச் சொல்வது எவ்வளவு சுகம் தெரியுமா? கால் தரையிலேயே படவில்லை.

கடமான் வேட்டை தொடங்கிவிட்டது. நெருப்பருகே இப்போது நான்தான் பேசுகிறேன். முதல் நாளே, சிக்ஸ்டன் கடைசியாக எப்படிக் கூப்பிட்டான் என்று நடித்துக் காட்டினேன், கரடியின் உறுமலையும் சேர்த்து. டோர்டிஸ் எழுந்து போனாள். ஒவ்வொருவராகக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கூச்சம் அதிகம், மேடம். முகத்துக்கு நேராகச் சிரிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, அவரவர் வண்டிக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறார்கள்.