கிழக்குத் தொட்டி

"இதுக்கு ஊதத் தெரியும், கடிக்கத் தெரியும். வேற என்னாங்க தெரியும்?" என்று தையல்நாயகி ஒருநாள் கேட்டாள்.

"தொட்டியில குஞ்சு பொரிக்கத் தெரியாது. அதை நான்தான் கத்துத் தரணும்."

"நல்லாத்தான் இருக்குது. வூட்டுல இருக்கறவகிட்ட நாலு வார்த்தை பேச உங்களுக்கு யாரு கத்துத் தர்றது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சார். என் மனைவி நன்றாகச் சிரிப்பாள்.

நான் திண்டிவனத்தில் விலங்கியல் ஆசிரியர். மரக்காணத்தில் வலையில் விழும், தொட்டால் பந்தாக ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைக் கரையிலேயே எறிந்துவிடுவார்கள். தின்றால் ஆள் செத்துப்போகும். அதைக் கொண்டுவந்து, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைக்கப் பார்த்தேன். உப்புத் தண்ணீர்க் கேன்களோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "வாத்தியாரே, கடலையே தூக்கிக்கினு போறீங்களா?" என்பார்.

எண்பதில் தொடங்கி நாலு வருடம். கெண்டை மீனின் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு, வயிற்றை மெல்ல அழுத்தி முட்டை எடுத்து, ஆண்மீனின் விந்தோடு கோழியிறகால் கலப்பேன். குஞ்சுகள் பொரிக்கும், பிறகு ஒன்றின் வாலை ஒன்று கடித்தே சாகும். கடைசியில் ஒவ்வொன்றையும் தனிச் சட்டியில் விட்டேன். நாற்பத்தொன்று பிழைத்தன. வளர்ந்ததும் மேற்குத் தொட்டிக்கு மாற்றினேன். கிழக்குத் தொட்டியில் கழிமுகத்திலிருந்து வந்த தாய்மீன்கள்.

நாம் போடும் தீனியைத் தின்று வளர்ந்ததில் விஷம் இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். முதல் துண்டை நான் எடுத்தபோது அவள் தட்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுனா ஆச்சுன்னா மீனுக்கு யாரு தண்ணி மாத்தறது?"

நான் தடுக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் நானே அறுத்துக் குழம்பு வைப்பேன். எந்தத் தொட்டி மீன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எண்பத்தாறில் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பக்கத்தில் கெடாரில் அண்ணன் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னாள். "தினம் பஸ்ஸுல வந்து போவலாம். ஆனா வந்து யாருகிட்டப் பேசறது?" பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நின்றாள்.

"எதுனா சொல்லணுமாங்க?"

"ஒண்ணுமில்ல. சாப்டுட்டுப் போ."

அன்று இரண்டு சட்டியில் குழம்பு வைத்திருந்தேன்.

அவளுக்கு உதடு மரத்தது, கால் தள்ளாடியது. டாக்டர் பலவீனம் என்றார். பத்து நாள் கேப்பைக் கூழ் ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. "ஒடம்பு சரியில்லாததும் நல்லாத்தான் இருக்குது" என்று அவளே சொன்னாள். வேலையில் சேரப் பள்ளியில் தவணை கொடுத்தார்கள். தேறியதும் மறுபடி பெட்டியை எடுத்தாள். மறுபடி வாசலில் நின்று அதையே கேட்டாள். நானும் அதையே சொன்னேன். மறுபடி பத்து நாள் கூழ்.

மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"ஜல்தி போடுங்க, பஸ்ஸு போயிடும்."

அது தாய்மீன்களுக்குச் சினைக்காலம். அப்போது விஷம் பல மடங்கு ஏறியிருக்கும். விலங்கியல் படித்தவன் மறந்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார். தெரிந்துதான் ஊற்றினேன்.

இந்த விஷத்தில் உடம்புதான் அசையாது. காது கடைசிவரை கேட்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கண் வாசலில் இருந்த பெட்டியின் மேலேயே இருந்தது. நான் அவளை எதற்கும் கட்டாயப்படுத்தியவன் இல்லை. அன்றும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்கத்தான் செய்தேன்.

"தையலு, போவாத."