மணி பார்த்துச் சாகும் கிருமி

புதுப்பட்டினத்தில் பேருந்து ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்த மீன்காரப் பெண், கூட வந்த அண்ணியிடம் சொன்னாள்: “ரெண்டு வேளை மருந்த ஒண்ணா குடுத்தா கிருமி ரெண்டு மடங்கு சாவாதாம் அண்ணி.”

“இன்னாடி சொல்ற?”

“மதியம் மார்க்கெட்ல கீறேன்னு, சாயங்காலம் சேத்துக் குடுத்துகினு இருந்தேன். நடுவுல ரத்தத்துல மருந்து வத்திப்போயி, மிச்சக் கிருமி குட்டி போட்டுச்சாம். பாப்பாவுக்கு நிமோனியா முத்திப்போச்சு.”

“அத்தனூண்டு கிருமிக்கு மணி பாக்கத் தெரியுதா!”

“ஆமா. எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா விடாம ஊத்துனா அதே மருந்து கொல்லுது. இப்பதான் மூச்சு எளப்பு எறங்கியிருக்கு.”

மணி இரண்டானது. அவள் கணவனுக்குப் போன் போட்டாள். “ஊத்துனியா? போனை பாப்பா வாயாண்ட வை.”

போன மாதம்தான் மகனை ஐசியூவிலிருந்து அழைத்து வந்த நான், அசையாமல் காத்திருந்தேன்.

“முழுங்கிட்டா,” என்றாள்.