வெள்ளிக்கிழமையை மறக்காதவர்

டென்மார்க்கின் ஒடென்சே நகரப் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழர். மூத்தவர் கையில் நகரசபைக் கடிதம். நான் நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மறதி வருத்தத்தில அப்பா என்ர பேரையே மறந்திட்டார். வெள்ளிக்கிழமையை மட்டும் மறக்கேல்லை."

"என்னண்ணை நடந்தது?"

"நகரசபை அனுப்பி அப்பாவைப் பாக்க வாற டெனிஸ்காரி வெள்ளியும் அதுவுமா பாண் துண்டில இறைச்சி வைச்சுக் குடுத்திருக்கிறாள். மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிஞ்சிட்டார். முரட்டு ஆளாம், முதியோர் இல்லத்தில விடட்டாம் எண்டு நகரசபை கடிதம் போட்டிருக்கு."

"விடப்போறியளோ?"

"உனக்கென்ன விசரே? எழுதிக் குடுத்திட்டன். வெள்ளியில மரக்கறி குடுக்கத் தெரிஞ்ச ஆளை அனுப்புங்கோ. இல்லாட்டி நாப்பது வருசமா அவருக்குச் சமைச்ச அம்மா யாழ்ப்பாணத்தில இருக்கிறா. அவவின்ர விசாவைத்தான் நீங்கள் மறிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு."

"ஐயோ, கோவிச்சா?"

"கோவிக்கட்டும். அடுத்த வெள்ளி அப்பாவை அவையின்ர நகரசபைக் கந்தோரில கொண்டுபோய் இருத்தப்போறன். கோப்பையோட."