ஒரு கோடைகாலம் நின்ற குழு

ஜேர்மனியில் ஹம் நகருக்குப் போகிற ரயிலில் எனக்கு எதிர்ச் சீட்டில் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஐம்பது வயது தாண்டியிருக்கும். இரண்டு பேரும் கறுப்புச் சட்டை. இளையவரின் மடியில் எலெக்ட்ரிக் கிட்டார்.

"செத்த வீட்டில ரொக் வாசிக்கிறதோ, அண்ணை?" என்றார் இளையவர்.

"அவன்ர மனிசிதான் கேட்டவா. எங்கட பாட்டு ஒண்டு வேணுமாம்."

பேச்சில் எனக்கு விளங்கியது. ஒருகாலம் இங்கே ஊருக்கு ஒரு தமிழ் இசைக்கோஷ்டி இருந்து கலியாணங்களில் வாசித்தது. இவர்கள் உட்பட ஐந்து கோஷ்டித் தலைவர்கள் சேர்ந்து ஒரு ரொக் இசைக்குழு கட்டினார்கள். மண்டபம் நிறைந்ததாம். ஆனால் ஒரு கோடைகாலம்தான் நிலைத்தது. செத்தவர் அதன் பாடகர்.

"எல்லாரும் தலைவர். ஆர் சத்தத்தைக் குறைக்கிறது?" என்றார் மூத்தவர். "மேடையில வைச்சே கேட்டவன், கொஞ்சம் குறையுங்கோடா எண்டு. நீ இன்னும் கூட்டினாய்."

"உங்கட கீபோர்ட் மட்டும் என்ன, தாலாட்டோ?"

மூத்தவர் சிரிக்கவில்லை.

"கடைசி வரைக்கும் அவன்ர குரல் சனத்துக்குக் கேக்கேல்லையடா. அதோட விட்டவன். பிறகு ஒரு இடமும் பாடேல்ல."



"இண்டைக்கு ஆர் பாடுறது?" என்றார் இளையவர்.

"அவன்ர மகள். மெல்லிய குரல். மைக்கும் வேண்டாமாம்."

இளையவர் கிட்டாரைப் பார்த்தார்.

"அப்ப நான் வயர் கொழுவேல்ல, அண்ணை."

"வயர் இல்லாட்டி உன்ர கிட்டார் ஒருத்தருக்கும் கேக்காதேடா."

"பிள்ளை பாடுறது கேட்டால் போதும்."