இருபத்தஞ்சுக்கு நடுவுல ஒரு சீட்டு

நில்லுங்க அண்ணாச்சி, நடையத் தாண்டாதீக. நான் இத்தா இருக்கேன்லா. அவுக மவுத்தாகி மூணு மாசந்தான ஆச்சு, இன்னும் நாப்பது நாளைக்கு வெளி ஆம்பளைக மொகத்துல முழிக்கப்பிடாது. திரைக்கு அந்தப் பக்கமே முக்காலி கெடக்கு, அங்கனயே உக்காந்து கேளுங்க. பீடிக்கடை மேனேசரு வந்தா என்ன, கலெக்டரு வந்தா என்ன, மொற ஒண்ணுதான்.

சீட்டுதான? தெரியும். தெருவே அதத்தான பேசுது. மாஞ்சோலை எஸ்டேட்டுல ஒருத்தன் கட்டப் பிரிச்சானாம், இருபத்தஞ்சு பீடிக்கு நடுவுல ஒரு துண்டுச் சீட்டு இருந்துச்சாம். அவன் வாங்குன கடையில காட்ட, கடைக்காரன் கம்பெனிக்கு எழுதிப் போட, நீங்க இங்கன ஒவ்வொரு கட்டா அவுத்துப் பாத்து, நேத்து மஹ்மூதா பீவி கூடையில இன்னொண்ணக் கண்டுபிடிச்சிட்டீக. ஒடனே அவ பாஸ்புத்தகத்தப் புடுங்கி வச்சிக்கிட்டு, இனிமே ஒனக்கு எலையும் கெடையாது தூளும் கெடையாதுன்னுட்டீக. அவ மவ பத்தாங்கிளாஸ் படிச்சிருக்கா, அதனால அவதான் எழுதியிருப்பாளாம். நல்ல மூள.

அந்தக் கூடையில நான் சுத்துன கட்டும்தானே இருந்துச்சு? நான் வெளிய வர முடியாதுன்னு மூணு மாசமா அவதான் எனக்கும் சேத்துச் சொமக்கா. ஆனா இந்த ஆபிதா பீவி கைநாட்டு, இவளுக்கு என்ன தெரியும், பைய விசாரிச்சா அடுத்த வீட்டுக்காரியக் காட்டிக் குடுத்துருவான்னு ஒங்க நெனப்பு. அதுக்குத்தான வந்திருக்கீக? இல்லன்னு சொல்லாதீக, எனக்கு எரிஞ்சிக்கிட்டு வருது.

என்னது, கம்பெனி பேரு கெட்டுப்போச்சா? சரி, பேரப் பத்தியே பேசுவோம். ஒங்க சட்டப்பையில இருக்கே சிகரெட்டுப் பெட்டி, அதுல ஒடம்புக்குக் கேடுன்னு அச்சடிச்சிருக்குல்லா? சட்டம் போட்டு இருவது வருசமாச்சுன்னு பெரியாஸ்பத்திரி டாக்டரு சொன்னாரு. நம்ம பீடிக்கட்டுல என்ன அச்சடிச்சிருக்கு? மொதலாளி படம். மாலையப் போட்டுக்கிட்டுச் சிரிக்காரு. ஏன்னு கேட்டா, பீடிக்கு அந்தச் சட்டம் கெடையாதாம். அப்ப சிகரெட்டுக் குடிக்கவனுக்கு மட்டுந்தான் நெஞ்சுக்கூடு இருக்கா? மூட தூக்குதவனுக்கு இரும்புலயா அடிச்சு வச்சிருக்கு?

எங்க வீட்டு அவுகளத் தெரியும்லா ஒங்களுக்கு. மார்க்கெட்டுல மூட தூக்குன அசன் மைதீன். காசு குடுத்து ஒரு பீடி வாங்குனதில்ல அந்த மனுசன். நான் இருக்கையில எதுக்கு வாங்கணும்? ஒங்களுக்கு ஆயிரம் சுத்தி முடிச்சிட்டு, மிஞ்சுன தூள்ல அவுகளுக்குன்னு ஒரு கட்டு சுத்துவேன். ஒங்களுக்குப் போற பீடியில ஓட்ட எலையக்கூட மறச்சி வச்சித் தள்ளிருவேன். அவுகளுக்கு நரம்பில்லாத நல்ல எலையாப் பொறுக்கி ஈரத்துணியில சுத்தி எடுத்து வைப்பேன். தூளும் ஒரு சிட்டிக கூடத்தான். பதினெட்டு வருசம். ஒன் கைப்பீடி மாதிரி வராது புள்ளன்னு அவுக சொல்லையில எனக்கு அப்படியே குளுந்து போவும். என்ன பைத்தியக்காரி பாருங்க.

தொண்டையில புத்து. கடைசி மாசம் பேச்சே இல்ல, ஒரு மடக்குக் கஞ்சி எறங்கல. அப்பவும் ரெண்டு வெரல ஒதட்டுல வச்சிக் காட்டுவாக. நான் சுத்திக் குடுத்தேன் அண்ணாச்சி. டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்ன பொறவும் குடுத்தேன். சாகப்போற மனுசன் கேக்குதாகளேன்னு குடுத்தேன். ஒங்க மேல இருக்க கோவத்த விட என் கையி மேல இருக்க கோவம் பெருசு. ஆனா என்ன செய்ய, மறுநாளும் இந்தக் கையாலதான சுத்த வேண்டியிருக்கு? வீட்டுல ஒல கொதிக்கணும்லா.

அதனால சொல்லுதேன், சாயங்காலத்துக்குள்ள மஹ்மூதா பாஸ்புத்தகத்தக் குடுத்துருங்க. அவ மவ எழுதல. எப்படித் தெரியுமா? அந்தச் சீட்டக் கொண்டாந்திருக்கீகல்லா? படிக்க வேண்டாம், நானே சொல்லுதேன். இதக் குடிக்காதீங்க, நான் சுத்திக் குடுத்துத்தான் என் வீட்டுக்காரர் செத்தாரு. அம்புட்டுத்தான? எழுத்து கோணக்கோணயா ஊர்ந்திருக்கும். பத்தாங்கிளாஸ் படிச்ச புள்ள அப்படியா எழுதும்?

போன வருசம் நம்ம தெருவுல அறிவொளி வகுப்பு நடந்துச்சுல்லா, அதுல ஆறு மாசம் போனேன். கடையில மட்டும் பழையபடி கைநாட்டே வச்சிக்கிட்டிருந்தேன். நீங்களும் கேக்கல, நானும் சொல்லல.

எத்தன வச்சேன்னு கேட்டா எப்படிச் சொல்ல? எம் மவ தஸ்மியா பள்ளிக்கூடம் போன பொறவு, ஒரு நாளைக்கு ரெண்டு எழுதுவேன், சில நாளு மூணு. அவ பழைய நோட்டுலதான் கிழிச்சது, அவளுக்கும் தெரியாது. எம் பாஸ்புத்தகத்த வேணும்னா எடுத்துக்கிடுங்க, அந்தா சன்னல்லதான் இருக்கு. நாளைக்கு எப்படி அடுப்பு எரியும்னு எனக்கே தெரியல, ஆனா மஹ்மூதா அடுப்ப நான் அணைக்க மாட்டேன்.

எந்திரிக்காதீக, இன்னும் ஒண்ணு இருக்கு. வகுப்புல மொத மொதல்ல பேரு எழுதத்தான் சொல்லிக் குடுத்தாக. துண்டுத்தாளு சின்னது, அதுல பேருக்கு எடம் பத்தல. சீட்டோட பின்பக்கம் வெறுமையாத்தான இருக்கு? அதத் திரைக்கு அடியில பைய இங்கன தள்ளுங்க. ஒங்க பேனாவும் தாங்க.