தைலம்மாளின் இடது காது

தலைமை தாங்கும் ஐயா பழனியப்பன் அவர்களே, சங்கத்துப் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பாரத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, வாசலோரம் நின்று நழுவப் பார்க்கும் தகப்பன்மார்களே, வணக்கம். உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது.

வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வருந்திப் பேச வந்திருக்கிறேன்.

லான்மடாவ் சந்தையில் மீன் விற்கும் காளியம்மாவின் மகள் தைலம்மாள், என் வகுப்பிலேயே மூன்றாண்டு கிடந்தாள். கேட்டால் பதிலில்லை, அழைத்தால் அசைவில்லை. மந்தம் என்றார்கள்; மமதை என்றார்கள்.

சென்ற ஆண்டு, படிப்பு ஏறாத பிள்ளைகளின் மனமறிந்து சோதிக்கும் பர்மியரான டோ சான் ஈ அம்மையார் நம் பள்ளிக்கு வந்தார். பெற்றோர் கையெழுத்துக் கேட்டுக் காளியம்மா வீட்டுக்குப் போனேன். கணவர் அப்பாசாமி வழிமறித்தார்.

“பைத்தியம் பாக்குற டாக்டரம்மாகிட்ட எம்மவள அனுப்பவா, சயாமா? பாடம் சொல்லிக்குடுக்குறதோட நிறுத்திக்குங்க. நாளைக்கு எவன் கட்டுவான்?”

“பைத்தியம் பாக்க வரலைங்க. ஏன் படிப்பு ஏறலைன்னு பாக்க வர்றாங்க.”

நான்கு முறை போனேன். நான்கு முறையும் கதவுதான் பதில் சொன்னது. சிரிக்கிறீர்களா? உங்களில் பலர் வீட்டுக் கதவும் அதைத்தானே சொன்னது?

பத்து மாதம் கழித்து, அம்மையார் மறுபடி வந்திருந்தபோது, கணவர் த்வாண்டே ஊருக்கு விற்கப் பானை எடுக்கப் போன நாளில், காளியம்மாவே மகளை அழைத்து வந்தார். அம்மையார் மரக்கட்டைகளை அடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மளமளவென்று அடுக்கினாள். பின்னால் நின்று மெல்லப் பெயர் சொன்னார். திரும்பவில்லை. “அறிவில் குறையில்லை, காதில்தான் குறை” என்று பர்மியில் என்னிடம் சொன்னார்.

வலது காது தேறும், இடது காது தேறாது, ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும் என்றார்கள் மருத்துவமனையில்.

அந்த ஆறு மாதத்தைத் தின்றது எது? அறியாமையா? அச்சமா? அக்கம்பக்கத்துப் பேச்சா? ‘அப்பாசாமி’ என்கிறார் பின்னால் ஒருவர். அவரோடு முடிந்திருந்தால் நான் ஏன் தொண்டை நோக நிற்கிறேன்? என்னையும் சேருங்கள். காது கேளாத பிள்ளையை, திமிர் என்றெண்ணி, வெயிலில் முட்டி போடவைத்தவள் நான்.

இன்று முன்வரிசையில் உட்கார்கிறாள். கணக்கில் வகுப்பிலே இரண்டாவது.

வியாழக்கிழமை அம்மையார் மீண்டும் வருகிறார். நாற்பது வீட்டுக்குச் சம்மதத் தாள் அனுப்பினேன், ஆறு திரும்பியது. மற்றவை எங்கே? பலகாரம் மடிக்கப் போயினவா? இன்னும் எத்தனை பிள்ளைகள் முட்டி போட வேண்டும்? இதோ புதுத் தாள்; இதோ பேனா. எழுத வராதவர்கள் கைநாட்டு வையுங்கள்.

கொஞ்சம் வழிவிடுங்கள். அப்பாசாமி ஐயா எழுந்து வருகிறார். அவர் கதையைச் சொல்லச் சொன்னதே அவர்தான். இளைய மகளுக்கும் சோதனை வேண்டுமாம்.

என் சினம் பொறுத்த சபைக்கு நன்றி. அவர் பின்னால் வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. வணக்கம்.