அவள் கேட்ட ஒரு வரி

என் அலமாரிக்கு நான் ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை. கடிதங்களை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டீர்கள். ஒளித்து வைக்கவில்லை. கம்பளிப் போர்வைகளுக்கு அடியில், ஒரு பழைய தலையணை உறைக்குள், வருட வரிசைப்படி இருந்தன. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். என் மகள் எடுக்கவில்லை. அடுத்தவர் பொருளைத் தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்தேன். முப்பத்து மூன்று வயதுவரை அவள் அந்தச் சொல்லைத் தட்டவில்லை.

நான் முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள். கோர்வையாகவே சொல்கிறேன். பக்கத்தில் என் வாக்குமூலத்தை எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம்.

நாங்கள் தத்தெடுத்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். எங்களுக்கு அவள் பாப்பா. வளர்ந்த பிறகும் பாப்பாதான். விஷயத்தை மறைக்கவில்லை. நாலு வயதிலேயே அவள் அப்பா சொல்லிவிட்டார்: "எல்லாருக்கும் குழந்தை தானா வரும். உன்னை நாங்க போய், வரிசையில நின்னு, கேட்டு வாங்கிட்டு வந்தோம்." அவள் அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

ஐந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் முதல் கடிதம் வந்தது. தத்து நிலையம் அனுப்பிய உறைக்குள் இன்னொரு சின்ன உறை. பெற்றவள் எழுதியிருந்தாள். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை என்றும், பிள்ளையைக் கொடுத்தபோது பத்தொன்பது வயது, நாதியில்லை என்றும், ஈரத்துணியைப் பிழியும்போதெல்லாம் பிள்ளையின் ஞாபகம் வருகிறது என்றும். ஏழு எழுத்துப்பிழைகள் இருந்தன. "பதினெட்டு ஆகட்டும், எல்லாத்தையும் சேர்த்துக் கொடுத்துடலாம்" என்றார் என் கணவர். சரி என்றேன். பாப்பாவின் பன்னிரண்டாவது வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. கடிதங்கள் மட்டும் வருடம் தவறாமல் வந்தன.

பதினெட்டாவது பிறந்தநாளன்று கொடுக்கத்தான் நினைத்தேன். உறையை எடுத்து மேஜைமேல்கூட வைத்திருந்தேன். அந்த வயதில் அவள் என்னிடம் ஒட்டமாட்டாள். என் கை பட்டால் தோளைச் சிலுப்பிக்கொள்வாள். ஆனால் அன்று மதியம் வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா அவங்க? நல்லா இருக்கியான்னு ஒரே ஒரு வரி? அந்த அளவுக்கா நான் வேண்டாதவளாப் போயிட்டேன்?"

நான் அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவரை அப்படியொரு கனம் மடியில் இருந்ததில்லை. அவள் தூங்கிய பிறகு உறையை எடுத்துப் போர்வைக்கு அடியில் திரும்ப வைத்தேன். அப்போது பதினான்கு கடிதங்கள்.

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளும் அப்படித்தான். இரண்டு மூன்று நாள் படுக்கையை விட்டு எழமாட்டாள். ஊட்டிவிட்டால் நாலு வாய் சாப்பிடுவாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உடனிருப்பேன். பெற்ற பிள்ளைகூட அப்படித் தாயைத் தேடியிருக்காது என்று சக ஆசிரியைகள் சொல்வார்கள். உண்மைதான்.

காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் அவளுக்கு வேலை. பொறுமைசாலி. வயதானவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். அங்கே பழக்கமானவன்தான் அந்த நெட்டையன். கருவிகளைப் பழுது பார்ப்பவன். நல்ல பையன், குறை சொல்லமாட்டேன். இருவரும் வீடு பார்த்துக் குடியேறினார்கள். பதினோரு மாதம் பாப்பா சிரித்த முகமாக இருந்தாள். அந்த வருடப் பிறந்தநாளுக்கு அவள் என் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில், "இந்தத் தடவை அழுகையே வரலைம்மா, ஆச்சரியமா இருக்கு" என்றாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை. "சந்தோஷம்மா. ஆனா ரொம்ப ஒட்டிக்காதே. பெத்தவங்களே விட்டுட்டுப் போனதைத் தாங்கின மனசு, இன்னொரு தடவை தாங்காது" என்றேன். இரண்டு நாள் கழித்து வேறு வார்த்தைகளில் அதையே சொன்னேன். மூன்றாவது வாரம் இரண்டு பைகளோடு வந்து நின்றாள். அவன் விட்டுப் போவதற்கு முன் தானே வந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் அறையின் படுக்கை விரிப்பை முந்தின வாரமே துவைத்து வைத்திருந்தேன்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் வந்தது. சிறுவயதில் தத்துக் கொடுக்கப்பட்டு, இப்போது பெரியவர்களாகிவிட்டவர்கள் நூலக மாடியில் கூடிப் பேசுவார்கள். நடத்துகிறவர் மனநல ஆலோசகர். குரலை உயர்த்தாத அம்மாள். என்னையும் ஒருமுறை பாப்பா அழைத்துப்போனாள். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், அறுபது தாண்டியவர், எழுந்து நின்று சொன்னார்:

"எங்கம்மா கிடைக்கணும்னுகூட இல்லைங்க. என்னைத் தேடினாளா, இல்லையா? அது தெரிஞ்சா போதும். நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்."

பாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அங்கே போகப் போக அவள் தேறினாள். நெட்டையனோடு மறுபடி பேச ஆரம்பித்தாள். தன் கோப்பைத் திறக்கச் சொல்லித் தத்து நிலையத்துக்கு மனுவும் போட்டாள். பதில் வந்த நாளில் அவள் கடையில் இருந்தாள். கையெழுத்துப் போட்டு நான் வாங்கினேன். பெற்றவள் சந்திக்கச் சம்மதித்துவிட்டாள் என்றும், அவள் அனுப்பிய இருபத்தொன்பது கடிதங்களும் உங்கள் முகவரிக்கு வந்து சேர்ந்திருக்கும் என நம்புகிறோம் என்றும் இருந்தது.

ஆமாம், அந்தப் பதிலை எடுத்து வைத்துவிட்டு, பெற்றவள் எழுதியதாகப் பாப்பாவுக்குக் கொடுத்த கடிதத்தை எழுதியது நான்தான். நீங்கள் எழுத்து நிபுணரிடமெல்லாம் அனுப்பியிருக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவளுக்கு ஒருத்தியின் கையெழுத்து வராதா? அவள் வழக்கமாக விடும் பிழைகளையும் விட்டேன். நாலே வரி. என்னைத் தேடாதே. எனக்குக் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு உன்னைப் பற்றித் தெரியாது. அன்றைக்குக் கொடுத்ததில் வருத்தம் இல்லை. நல்லா இரு.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அன்று மதியமே வேலை எல்லாம் முடித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து நின்றபடியே படித்தாள். மடித்தாள். "சரிம்மா" என்றாள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். மடிக்கு வரவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் வேலைக்குப் போனாள். கடைசியாக ஒரு பெரியவருக்குக் கருவி பொருத்தி, அவர் பேத்தியின் குரலைக் கேட்டதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஓய்வெடுக்கட்டும் என்று நான் தட்டவில்லை. மறுநாள் தாழ்ப்பாளை உடைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். அதற்குமேல் உங்களுக்கே தெரியும்.

அவள் விட்டுப்போன சீட்டு உங்கள் மேஜைமேல் இருக்கிறது. எனக்குத்தான் எழுதியிருக்கிறாள். "என்னை விடாம இருந்தது நீ ஒருத்திதாம்மா." அதை நான் திரும்பக் கேட்பேன். விசாரணை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது நாள் பெற்றவள் வந்தாள். இங்கிருந்து பதில் வராததால், பொறுக்கமாட்டாமல் நிலையத்தில் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு தானே கிளம்பி வந்துவிட்டாளாம். ஐம்பத்தொரு வயதுக்கு மூத்துத் தெரிந்தாள். சலவைச் சோடா அரித்த விரல்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"அக்கா, பொண்ணு வீட்ல இருக்குதுங்களா?"

சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். வாசலில் செருப்பு வைக்கிற பலகைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "நான் எழுதினதையெல்லாம் படிச்சுதுங்களா?" என்றாள். படிக்கவில்லை என்றேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. அங்கிருந்து எழுந்துதான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

போவதற்கு முன் ஒன்று கேட்டாள். "எங்கிட்ட இருந்த வரைக்கும் என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். பெரிசானப்புறம் எப்படிக்கா தூங்குச்சு?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதெல்லாம் தாய்க்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.